ஐந்து நாள் மோட்டார் சைக்கிள் பயணம்: நீண்ட கூந்தலை எப்படிப் பின்னிக் காப்பது?

கேள்வி: கடற்காற்று

அனைவருக்கும் வணக்கம். வரும் மாசி மாதத்தில் நானும் என் கணவரும் சென்னையிலிருந்து கிளம்பி, புதுச்சேரி, தரங்கம்பாடி, வேதாரண்யம், தொண்டி என்று கடலை ஒட்டிய சாலையிலேயே சென்று, ராமேஸ்வரத்தையும் தனுஷ்கோடியையும் பார்த்து வரலாம் என்றிருக்கிறோம். போவதற்கு மட்டும் ஐந்து நாள். முழுவதும் மோட்டார் சைக்கிளில்தான். பாதித் தூரம் அவர் ஓட்டுவார், பாதித் தூரம் நான் ஓட்டுவேன்.

என் கவலை கூந்தலைப் பற்றியது. இடுப்புக்குக் கீழே இறங்கும், ஏறக்குறைய 100 சென்டிமீட்டர் நீளம். இரண்டு ஆண்டுகளுக்கு முன் மதுரையிலிருந்து நாகர்கோவிலுக்கு இதே வண்டியில் சென்றபோது, பின்னுவதற்குச் சோம்பல்பட்டுக் குதிரைவாலாகக் கட்டிக்கொண்டு ஹெல்மெட் அணிந்துவிட்டேன். முப்பந்தல் காற்றாலைகளுக்கு நடுவே வீசிய காற்று வண்டியையே ஓரம் தள்ளியது. பின்னால் முடி என்ன பாடுபடுகிறது என்பதை அப்போது நான் எண்ணிப் பார்க்கவில்லை. மாலையில் அம்மாவின் வீட்டில் ஹெல்மெட்டைக் கழற்றியபோது, பிடரிக்குச் சற்றுக் கீழே எலுமிச்சம்பழம் அளவுக்கு முடி சுருண்டு சடை பிடித்திருந்தது. அம்மா எண்ணெய் தடவி, கோணி ஊசியின் முனையால் ஒவ்வோர் இழையாக நீக்கிப் பார்த்தார். இரண்டு மணி நேரத்திற்குப் பிறகும் நடுவில் இருந்த முடிச்சு அவிழவில்லை, கத்தரிக்க வேண்டியதாயிற்று. அந்தக் கற்றையைக் குப்பையில் போட மனமில்லாமல் தாளில் சுற்றிக் கையில் வைத்துக்கொண்டு அவர் வெகுநேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தார். அதை நான் இன்னும் மறக்கவில்லை.

இந்த முறை பின்னிக்கொண்டுதான் செல்வேன். ஆனால் ஒற்றைப் பின்னல் நல்லதா, இரட்டைப் பின்னல் நல்லதா? எண்ணெய் வைத்துப் பின்னினால் புழுதி ஒட்டுமே, வைக்காவிட்டால் உப்புக் காற்றில் வறண்டுவிடாதா? ஐந்து நாளும் பின்னலை அவிழ்க்காமலே விட்டுவிடலாமா? ராமேஸ்வரத்தில் அக்னி தீர்த்தத்தில் மூழ்கிய பின் கோயிலுக்குள் 22 தீர்த்தங்களிலும் நீராட வேண்டும் என்பது மாமியாரின் விருப்பம். அன்று கூந்தலை என்ன செய்வது? நீண்ட முடியோடு இப்படிப் பயணம் செய்து பழகியவர்கள் சொன்னால் மிகவும் உதவியாக இருக்கும்.

மறுமொழி 1: மடிப்புப் பின்னல்

வணக்கம் தங்கையே. நான் ராமநாதபுரம் மாவட்டத்தைச் சேர்ந்தவள். இருபது ஆண்டுகளாக வேலை நிமித்தம் ஸ்கூட்டரில் கடலோரக் கிராமங்களுக்குச் சென்று வருகிறேன். முழங்கால் வரை முடி இருந்த காலமும் உண்டு, இப்போது இடுப்பளவு. நீங்கள் கேட்டவற்றில் பெரும்பாலானவற்றை நானே பட்டுத்தான் கற்றுக்கொண்டேன்.

முதலில் அன்று நடந்தது என்ன என்று பாருங்கள். ஹெல்மெட்டின் பின்விளிம்பு உங்கள் பிடரியில் ஒவ்வொரு பள்ளத்திற்கும் மேலும் கீழுமாக உராய்ந்துகொண்டே இருந்திருக்கும். அதற்குக் கீழே முடி காற்றில் எல்லாத் திசைகளிலும் சுழன்றிருக்கும். மேலே அசைவு, கீழே சுழற்சி, இரண்டும் சந்திக்கும் இடத்தில்தான் அந்த எலுமிச்சம்பழம் உருவானது. முடியின் மேற்பரப்பு ஓடு வேய்ந்த கூரைபோல அடுக்கடுக்கான செதில்களால் ஆனது. ஓர் இழையின் செதில் மற்றோர் இழையின் செதிலில் மாட்டிக்கொண்டால் அது சிக்கு, இழுத்தால் செதில் பெயர்ந்துவிடும். பின்னல் செய்யும் வேலை இழைகள் தம்முள் தனித்தனியே அசையாமல் ஒன்றாக அசையும்படி கட்டுவது. ஆகவே பின்னுவது மட்டும் போதாது, பின்னலின் நுனியும் அடைபட்டிருக்க வேண்டும், பின்னல் உடலோடு ஒட்டியும் இருக்க வேண்டும்.

இதற்கு நம் பள்ளிக்கூடப் பெண்பிள்ளைகளின் ரிப்பன் வைத்து மடித்துக் கட்டிய இரட்டைப் பின்னலை விஞ்சிய முறையை நான் கண்டதில்லை. சிறுமிகளுக்கானது என்று நாம் அதை விட்டுவிட்டோம். பயணத்திற்கென்றே செய்தது போன்ற பின்னல் அது. ஒற்றைப் பின்னல் பிடரியின் நடுவில் தடித்த கயிறாக நின்று ஹெல்மெட்டின் விளிம்பில் இடிக்கும். இரட்டைப் பின்னலோ இரு காதுகளுக்கும் பின்னே, விளிம்புக்குக் கீழே தாழ்வாகத் தொடங்குவதால் நடுப்பிடரி வெறுமையாக இருக்கும், ஹெல்மெட்டும் தலையில் சரியாக உட்காரும். உச்சியில் கொண்டை போட்டு அதன்மேல் ஹெல்மெட்டை வைப்பதை மட்டும் எந்தக் காரணம் கொண்டும் செய்யாதீர்கள். அது தலையில் பொருந்தாது. பொருந்தாத ஹெல்மெட் விழும்போது காக்காது.

நான் செய்யும் விதத்தைச் சொல்கிறேன். கிளம்புவதற்கு முந்தைய இரவே அகலப் பல் சீப்பால் நுனியிலிருந்து மேல்நோக்கிச் சிக்கெடுத்துவிடுவேன். காலையில் வகிடு எடுத்து இரண்டாகப் பிரித்து, காதுக்குக் கீழிருந்து மூன்று கால் பின்னலாகத் தொடங்குவேன். முதல் மூன்று மடிப்புகள் தளர்வாக இருக்க வேண்டும். பின்னி முடித்த பிறகு தலையை முன்னே குனிந்து பாருங்கள். பிடரியில் எந்த முடியும் சுருக்கென்று இழுக்கக் கூடாது. தோளைத் தாண்டிய பிறகு ஒரே சீராக, சற்று நெருக்கமாகப் பின்னலாம். பாதி நீளம் வந்ததும் பருத்தி ரிப்பனை ஒரு காலோடு சேர்த்துப் பின்னிக்கொண்டு போய், கடைசி நான்கு விரற்கடை நீளத்தை விடாமல் முடிந்தவரை நுனிவரை பின்னி, ரிப்பனால் சுற்றி முடியுங்கள். பிறகு நுனியை மேலே தூக்கி, பின்னல் தொடங்கும் இடத்துக்குச் சற்றுக் கீழே அதே ரிப்பனால் கட்டிவிடுங்கள். 100 சென்டிமீட்டர் முடி பின்னும்போது கொஞ்சம் குறையும், மடித்தபின் தோள்பட்டை எலும்பளவுக்கு நின்றுவிடும். நுனி முழுவதும் மடிப்புக்குள் பதுங்கிக்கொள்ளும். ரிப்பனின் முடிச்சை எப்போதும் வெளிப்பக்கமாகப் போடுங்கள், உட்பக்கம் போட்டால் தோளில் உராயும்.

நாலு கால், ஐந்து கால் பின்னல்கள் பார்க்க அழகுதான். ஆனால் களைத்து வந்து விடுதியில் அவிழ்க்கும்போது பொறுமை போய்விடும், அந்த அவசரத்தில்தான் முடி அறும்.

இன்னொன்று, பழைய பட்டுப் பாவாடைத் துணி வீட்டில் இருந்தால் இரண்டு கையகல நீளத்துண்டுகளை வெட்டி, குழல் போலத் தைத்துக்கொள்ளுங்கள். மடித்த பின்னலை அதற்குள் நுழைத்து மேலே நாடாவால் கட்டினால் காற்றும் புழுதியும் வெயிலும் முடியைத் தொடா. என் அம்மாவின் அரக்கு நிறப் பாவாடையில் தைத்த உறைகளை நான் பன்னிரண்டு ஆண்டுகளாகப் பயன்படுத்துகிறேன். தையல் இரண்டு முறை விட்டுப்போயிருக்கிறது, துணி இன்னும் அப்படியே இருக்கிறது. அதே துணியில் சதுரமாக ஒன்று வெட்டி ஹெல்மெட்டுக்குள் தலையில் கட்டிக்கொள்ளலாம், ஆனால் பிடரியில் முடிச்சு வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஐந்து நாளும் அவிழ்க்காமல் இருக்க வேண்டாம். நாள்தோறும் எல்லாருக்கும் ஐம்பதிலிருந்து நூறு முடி வரை தானாகவே உதிரும். பின்னலுக்குள் உதிர்ந்த முடி வெளியே போக வழியில்லாமல் மற்ற முடிகளைச் சுற்றிக்கொண்டு கிடக்கும். அதுதான் நாட்பட்ட பின்னலின் சிக்கு. தினமும் இரவில் அவிழ்த்து, முதலில் விரல்களால் கோதி, உதிர்ந்ததை எடுத்துவிட்டு, பிறகு சீப்பைத் தொடுங்கள். உறங்கும்போது தளர்வான ஒற்றைப் பின்னல் போதும்.

மறுமொழி 2: தோல்நலம்

மேலே எழுதிய அக்காவின் முறை மிகச் சரியானது. நான் தோல் மருத்துவத் துறையில் பணிபுரிகிறேன். எண்ணெய், இறுக்கம், ஈரம் ஆகிய மூன்றைப் பற்றி மட்டும் சேர்த்துச் சொல்ல விரும்புகிறேன்.

தலைமுடி மாதத்திற்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளர்கிறது. அப்படியானால் 100 சென்டிமீட்டர் கூந்தலின் நுனி எட்டு ஆண்டுகளுக்கு முன் உங்கள் தலையில் முளைத்தது. எட்டு ஆண்டு வெயிலையும் சீப்பையும் தலையணையையும் கண்ட முடி அது. வேரை ஒட்டியுள்ள முடியைப் போல அதை நடத்தக் கூடாது. முடிக்கு உயிர் இல்லாததால், ஒருமுறை பிளந்த நுனி தானாக ஒட்டிக்கொள்ளாது. ஆகவே எண்ணெய் யாருக்கு வேண்டும் என்றால் நுனிக்குத்தான் வேண்டும், உச்சந்தலைக்கு அல்ல.

தேங்காய் எண்ணெய் குறித்து 2003-ஆம் ஆண்டு ஜர்னல் ஆஃப் காஸ்மெட்டிக் சயின்ஸ் இதழில் ஓர் ஆய்வு வெளியானது. தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், கனிம எண்ணெய் ஆகிய மூன்றையும் ஒப்பிட்டதில், தலைக்குக் குளிப்பதற்கு முன் தடவினாலும் பின் தடவினாலும் முடியிலிருந்து புரதம் வெளியேறுவதைக் குறிப்பிடத்தக்க அளவு குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டுமே. அதிலுள்ள லாரிக் அமிலம் சிறிய, நேரான மூலக்கூறாக இருப்பதால் முடியின் உள்ளே நுழைய முடிகிறது. மற்ற இரண்டும் பெரும்பாலும் மேலேயே தங்கிவிடுகின்றன. எனவே நம் வீடுகளில் தலைமுறை தலைமுறையாகச் செய்து வந்ததற்குக் காரணம் உண்டு. ஆனால் வழிய வழிய வைத்தால் நீங்கள் அஞ்சுவது போலவே புழுதி ஒட்டும். பின்னுவதற்கு முன் உள்ளங்கையில் அரைத் தேக்கரண்டி எண்ணெயைத் தேய்த்துப் பரப்பி, தோளுக்குக் கீழுள்ள பகுதியில் மட்டும் தடவுங்கள், கையில் மிஞ்சியதை நுனியில் தேயுங்கள். ஹெல்மெட்டுக்குள் வியர்க்கும் தலைத்தோலில் எண்ணெயை வைத்துக்கொண்டு நாள் முழுவதும் வெயிலில் செல்வது பொடுகையும் அரிப்பையும் கூட்டவே செய்யும்.

இறுக்கத்தைப் பற்றிச் சற்று அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. முடியைக் காப்பதாக எண்ணி வேரை வலிக்க வலிக்க இழுத்துப் பின்னுகிறவர்கள் பலரை நாங்கள் பார்க்கிறோம். தொடர்ந்து இழுபடும் வேர் மெல்ல மெல்ல வலுவிழந்து, முதலில் நெற்றியோரத்திலும் காதுக்கு முன்னும் முடி மெலியும். இந்த இழுவை வழுக்கை புதிதன்று; உச்சியில் முடியை இறுக்கிக் கட்டும் கிரீன்லாந்துப் பெண்களிடம் இதைக் கண்டு 1907-ஆம் ஆண்டிலேயே மருத்துவ இதழில் பதிவு செய்திருக்கிறார்கள். தொடக்கத்தில் கவனித்துத் தளர்த்தினால் முடி மீண்டும் வளரும். ஆண்டுக்கணக்கில் விட்டுவிட்டால் வேர் இருந்த இடமே தழும்பாகிவிடும். பின்னிய பிறகு தலை கனத்தாலோ, புருவம் மேலே இழுபட்டதுபோல் இருந்தாலோ, வேரில் சிறு பருக்கள் தோன்றினாலோ உடனே அவிழ்த்துவிடுங்கள்.

ஈர முடியைப் பற்றியும் ஒரு சொல். முடியின் புரத இழைகளைப் பிணைத்திருக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகளில் ஒரு பகுதி நீர் பட்டதும் அவிழ்ந்துவிடுகிறது. அதனால்தான் ஈரமுடி ரப்பர்போல நீளும், எளிதில் அறும். நன்றாகக் காயாத முடியை இறுக்கிப் பின்னினால் காயும்போது அது சுருங்கி வேரை இழுக்கும். பின்னலின் நடுப்பகுதி இரவு வரை ஈரமாகவே கிடந்து நாற்றம் பிடிக்கவும் செய்யும்.

வகிட்டை மறந்துவிடாதீர்கள். ஹெல்மெட் இல்லாமல் கடற்கரையில் நடக்கும்போது அந்தக் கோடு மட்டும் வெயிலில் வெந்து சிவக்கும். இரண்டு நாளுக்கு ஒருமுறை வகிட்டை ஒரு விரல் தள்ளி எடுத்து, தலையில் துணியும் போட்டுக்கொள்ளுங்கள்.

மறுமொழி 3: நெடுவழி

சகோதரிக்கு வணக்கம். நான் தோள் வரை முடி வளர்த்திருப்பவன், பதினைந்து ஆண்டுகளாக நெடுந்தூரம் வண்டி ஓட்டுபவன். முடியின் நலத்தைப் பற்றி மற்றவர்கள் சொல்லிவிட்டார்கள். நான் உயிரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நீங்கள் பின்னிருக்கையில் அமரும்போது 100 சென்டிமீட்டர் பின்னலைத் தொங்க விட்டால், காற்று குறைந்த கணத்திலோ, நீங்கள் திரும்பிப் பார்க்கும் கணத்திலோ, அது பின்சக்கரத்தின் அருகே சென்றுவிடும். சாரி கார்ட் என்று நாம் சொல்வதை வண்டிக்கு அலங்காரம் என்று நினைத்துக் கழற்றிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். மத்திய மோட்டார் வாகன விதிகளின் 123-ஆம் விதி, பின்னிருக்கைப் பயணியின் உடை சக்கரத்தில் சிக்காமலிருக்கப் பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மூடும் காப்பு வேண்டும் என்று சொல்கிறது. உடைக்குச் சொன்னது கூந்தலுக்கும் பொருந்தும். சக்கரத்தின் ஆரக்கம்பிகளில் மாட்டிய துப்பட்டாவை வண்டியை நிறுத்தி அறுத்து எடுத்தவன் நான். அந்தப் பெண்ணுக்குக் கழுத்தில் சிராய்ப்போடு போயிற்று. துணியாக இருந்ததால் கிழிந்தது. முடி அவ்வளவு எளிதில் அறாது, தலைத்தோலோடு வந்துவிடும்.

ஆகவே என் ஆலோசனை ஒற்றைப் பின்னலே. அதை ஜாக்கெட்டுக்குள், முதுகோடு சேர்த்துப் போட்டு, ஜிப்பை இழுத்துவிடுங்கள். கிளம்புமுன் சாரி கார்ட் இறுக்கமாக இருக்கிறதா என்றும் பாருங்கள்.

மறுமொழி 4: மடிப்புப் பின்னல்

தம்பி சொன்ன ஆபத்து முற்றிலும் உண்மை, அதை நான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். ஆனால் ஜாக்கெட்டுக்குள் ஒற்றைப் பின்னலைப் போடுவதில் எனக்கு உடன்பாடில்லை. மாசி வெயிலில் கடலோரச் சாலையில் முதுகு வியர்வையில் ஊறும். ஈரமான முடி துணிக்கும் தோலுக்கும் இடையில் நாள் முழுவதும் தேயும், இடுப்பருகே உட்காரும்போது நசுங்கும். மடித்துக் கட்டிய பின்னல் தோள்பட்டைக்குக் கீழே இறங்காது. அதை உறையோடு மேலாடைக்குள் போட்டுக்கொண்டால் இரண்டு பேரின் கவலையும் தீரும்.

ராமேஸ்வரத்தைப் பற்றி நீங்கள் கேட்டதற்கு விடை சொல்ல விட்டுப்போயிற்று. அக்னி தீர்த்தத்தில் இறங்குமுன் ஒரு செம்பு நல்ல தண்ணீரால் கூந்தலை நனைத்துக்கொள்ளுங்கள். முன்பே நீரை உறிஞ்சிய முடி உப்பு நீரை அவ்வளவாக உறிஞ்சாது. விரித்த தலையோடு இறங்க வேண்டாம். ஒரு தளர்வான ஒற்றைப் பின்னலோடு மூழ்கி, அப்படியே கோயிலுக்குள் செல்லுங்கள். ஒவ்வொரு தீர்த்தக் கிணற்றிலும் வாளியால் மொண்டு தலையில் ஊற்றுவார்கள். 22 முறை உயரத்திலிருந்து விழும் நீர் விரித்த கூந்தலை வைக்கோற்புரியாக்கிவிடும். கிணறுகளின் நீர் பெரும்பாலும் நல்ல நீராக இருப்பதால், கடலுப்பு அங்கேயே கழுவப்பட்டுவிடும். முடிந்ததும் பருத்தித் துண்டால் சுற்றிப் பிழியாமல் ஒற்றி எடுத்து, அவிழ்த்து, விரல்களால் மட்டும் கோதிவிடுங்கள். இரு காதோரமும் ஒவ்வொரு சிறு கற்றை எடுத்துப் பின்னால் சேர்த்துப் பின்னி, மீதியைத் தளர விட்டு, நுனியில் ஒரு முடிச்சிடுங்கள். தலைக்குக் குளித்த அன்று நம் அம்மாக்கள் போட்டுக்கொண்டு வாசலில் நிற்பார்களே, அதுதான். நன்கு காயும் வரை வண்டியில் ஏற வேண்டாம். அன்று மதியம் வரை வேறு வேலை வைத்துக்கொள்ளாதீர்கள், தனுஷ்கோடியை மாலையில் பார்க்கலாம்.

கடற்காற்று

போய் வந்துவிட்டோம். உங்கள் ஒவ்வொருவருக்கும் என் நன்றி.

பட்டுத்துணி கிடைக்காமல் மாமியாரின் பழைய சின்னாளப்பட்டுச் சேலையின் முந்தானையில் உறைகள் தைத்துக்கொண்டேன். அதுவும் போதுமான வழவழப்போடு இருந்தது. முதல் நாள் புதுச்சேரியில் அவிழ்த்தபோது சீப்பு நுனிவரை தடையில்லாமல் இறங்கியது. வேதாரண்யத்தில் உப்பளங்களின் ஓரமாக வந்த அன்று மட்டும் உறைக்கு வெளியே கையை வைத்தால் நறநறவென்று உப்பும் மணலும் ஒட்டின. உறையைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே பின்னல் காலையில் போட்ட எண்ணெயின் மினுமினுப்போடு அப்படியே இருந்தது. அன்றிரவு உறைகளை மட்டும் துவைத்துக் காயப்போட்டேன்.

மூன்றாம் நாள் நான் சொல் கேளாமல் போனேன். களைப்பில் அவிழ்க்காமலே உறங்கிவிட்டு, நான்காம் நாள் இரவில் அவிழ்த்தபோது கை நிறைய முடி வந்தது. ஒரு கணம் பதறிவிட்டேன். பிறகு, இரண்டு நாள் உதிர்ந்தது ஒன்றாக வருகிறது என்று எண்ணி, அக்கா சொன்னபடி விரலால் கோதி எடுத்தேன்; அறுந்த முடியாக இல்லாமல் எல்லாம் வேரின் வெண்புள்ளியோடு நீளமாகவே இருந்தன.

தனுஷ்கோடியைத் தாண்டிச் சாலை முடியும் அரிச்சல்முனையில் இரு பக்கமும் கடல், நிற்க விடாத காற்று. பக்கத்தில் நின்ற பெண்கள் முகத்தில் அடிக்கும் முடியை இரு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார்கள். என் கைகள் இரண்டும் சும்மா இருந்தன.

ஒரே ஒரு தொல்லை. ஹெல்மெட்டின் தாடைப்பட்டை கொக்கியில் காதோரத்துச் சிறு முடிகள் தினமும் நான்கைந்து மாட்டி அறுந்தன. பின்னலுக்குள் அடங்காத குட்டை முடிகள் அவை. அதற்கு ஏதேனும் வழி உண்டா?

மறுமொழி 5: மடிப்புப் பின்னல்

உண்டு. உறை தைத்தபின் மிஞ்சிய துணியில் விரல் நீளத்திற்கு ஒரு சிறு குழல் தைத்து, பட்டையில் கோத்து, கொக்கிக்கு மேலே இழுத்து விட்டுக்கொள்ளுங்கள். கொக்கி சரியாகப் பூட்டிய பிறகே அதை இழுக்க வேண்டும். பூட்டாமல் மூடிவிட்டால் தெரியாது. காதோர முடிகளை ஒரு சொட்டு எண்ணெய் தொட்டுப் பின்னோக்கி நீவி, தலைத்துணிக்குள் செருகிவிட்டு, அதன் பிறகு ஹெல்மெட்டைப் போடுங்கள்.